சுண்டிப் பார்க்காமல் வாங்கிய செராமிக் கிரில்

பழைய செராமிக் கிரில், அதாவது கரி போட்டு மூடிவைத்துச் சமைக்கும் முட்டை வடிவ அடுப்பு, வாங்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும், அடிப்பாகத்தைக் காலி செய்து, விரல் முட்டியால் சுற்றிலும் தட்டி, காது கொடுத்துக் கேட்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். நான் மூடியை மட்டும் தட்டினேன், அது கணீரென்றது. அடிப்பாகத்தில் மழைநீரும் கரியும் கலந்த சேறு பாதி வரை நின்றதால் அதைத் தட்டத் தோன்றவில்லை. மானாமதுரைப் பக்கம் பிறந்து, சந்தையில் ஒவ்வொரு பானையையும் சுண்டிப் பார்த்துவிட்டு, ஓசை மங்கலாக வந்தால் பேசாமல் கீழே வைத்துவிடும் அம்மாவோடு வளர்ந்தவன் செய்த தவறு என்பதால்தான் இது இன்னும் உறுத்துகிறது.

நான் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில். இத்தகைய கிரில்களுக்குப் பேர்போன பிக் கிரீன் எக் கம்பெனி 1974-இல் தொடங்கியது அட்லாண்டாவில்தான் என்பதாலோ என்னவோ, இந்தப் பக்கம் முட்டை வடிவக் கிரில்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் வாங்கியது வேறொரு தயாரிப்பு. கறுப்பு நிறம், 18 அங்குலக் கம்பித்தட்டு, புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பக்கத்து மாநிலமான டென்னசியின் சட்டனூகா நகரில் ஒருவர் அதை 250 டாலருக்கு விளம்பரம் செய்திருந்தார். படங்களிலேயே மூன்று பழுதுகள் தெரிந்தன: மூடியின் விளிம்பில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது, உள்ளே கரி போடும் ஃபயர்பாக்ஸ் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது, மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் காற்றை அடைக்க ஒட்டியிருக்கும் கேஸ்கட் பட்டி கருகி நூல் நூலாகத் தொங்கியது. அந்தப் பிளவைக் காட்டிப் பேரம் பேசி 180-க்கு முடித்தபோது எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல.

பெருமிதப்பட அதில் ஒன்றும் இருக்கவில்லை. நெருப்பை நேரடியாகத் தாங்குவது ஃபயர்பாக்ஸ். ஒவ்வொரு முறையும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குவதால் அது ஒருநாள் பிளந்தே தீரும். அதனால்தான் சில கம்பெனிகள் இப்போது அதைத் தனித்தனித் துண்டுகளாகவே செய்து விற்கின்றன. அடிப்பாகத்துக்குள் உட்கார்ந்திருப்பதால், துண்டுகள் தம் இடத்தில் நிற்கும் வரை சமையலுக்கு எந்தக் குறையும் இல்லை. மூடியின் சில்லும், மெருகில் தெரியும் மயிரிழைக் கோடுகளும் அழகுக்குத்தான் கேடு. காற்றை அடைத்துவைக்க வேண்டியது அடிப்பாகமும் மூடியுந்தான்; உண்மையில் பயப்பட வேண்டியது அவற்றின் சுவரை ஊடுருவிச் செல்லும் விரிசலுக்கு மட்டுமே.

ஏற்றிவந்த கதையில் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. கனத்தைக் குறைக்க உள்பாகங்களை எடுத்துவிட்டு, மூடியையும் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையிலிருந்து கழற்றினோம். அடிப்பாகத்தைச் சுற்றியும் இப்படி ஒரு பட்டை உண்டு; இரண்டையும் இணைப்பது கீல். மூடியின் எடையைத் தாங்குவதற்காகக் கீலில் வலுவான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன என்பதும், மூடி போனதும் மேல்பட்டை எலிப்பொறி போலத் துள்ளி எழும் என்பதும் எங்கள் இருவருக்குமே அப்போது நினைவில் இல்லை. உதவிக்கு வந்த நண்பரின் மணிக்கட்டில் அது அடித்த அடி இரண்டு வாரம் நீலமாக இருந்தது. கழற்றுவதற்கு முன் மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் கயிற்றால் இறுகக் கட்டிவிடுங்கள். தூக்கும்போது கீலைப் பிடிக்காதீர்கள். அடிப்பாகத்தின் கீழ்க் காற்றுவழியில் ஒரு கையும், விளிம்பில் ஒரு கையுமாகப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் சேற்றை வாரிக் கொட்டி, கீழ்க் காற்றுவழியின் துருப்பிடித்த தகட்டைக் கழற்றிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. தகடு மறைத்திருந்த மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு ஏறத்தாழ ஏழு அங்குலம் மேல்நோக்கி ஓடியது. அப்போதுதான் தட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு எதிர்ப்பக்கம் மணியோசை. கோட்டுக்கு அருகில், ஈரச் சுவரைத் தட்டியது போன்ற ஓசை.

விற்றவரை அழைத்தேன். செராமிக் பாகங்களுக்கு வாழ்நாள் வாரண்டி உண்டு, கடைக்குப் போனால் மாற்றித் தருவார்கள் என்று அடித்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மூன்று வாரத்தை வீணாக்கினேன். நாற்பது மைல் தள்ளியிருந்த விற்பனையாளர் கடையில், முகவாட்டத்தோடு நின்ற ஓர் இளைஞர் வரிசை எண்ணைக் கேட்டார். அது காற்றுவழித் தகட்டில் இருந்தது. தகடோ வீட்டில் இருந்தது. மறுபடி போனேன், துருவைத் தேய்த்துப் படித்த எண்ணைக் கொடுத்ததும், விரிசலின் படங்கள் வேண்டும் என்றார். அதையும் கொடுத்தேன். படிவத்தை நிரப்பச் சொன்னார். பதினாறு நாள் கழித்து வந்த பதில் இரண்டே வரி: வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டுமே, வாங்கியதற்கான ரசீதும் பதிவும் அவர் பெயரில் இருக்க வேண்டும். எனக்கு விற்றவரோ இன்னொருவரிடமிருந்து வாங்கியவர் என்பது இதற்குப் பிறகுதான் தெரிந்தது. "முதலில் வாங்கியவர் நீங்கள்தானா?" என்று அந்த இளைஞர் முதல் நாளே கேட்டிருந்தால், பெட்ரோலும் மிச்சமாகியிருக்கும், என் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நிபந்தனை அச்சாகியே இருந்தது. பழைய கிரிலோடு வாரண்டி வருகிறது என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அதையும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தைத் தனியாக வாங்கலாம் என்றால், அந்த விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிய கிரிலையே வாங்கிவிடலாம்.

முதல் முயற்சியாக, அடுப்புகளுக்கான சூடு தாங்கும் சிமென்டை விரிசலில் இழைத்தேன். காய்ந்ததும் கல்லாக நின்றது. மூன்றாவது நெருப்பில் செதில் செதிலாகக் கழன்றது. சூட்டில் விரியும் ஒரு பொருளை விறைப்பான பூச்சால் பிடித்துவைக்க முடியாது என்று பிறகுதான் உறைத்தது. வேண்டியது சுற்றி வளைத்து அணைக்கும் ஒரு பிடி. அடிப்பாகத்தின் மிக அகன்ற இடத்தில் நூல் பிடித்து அளந்தால் 66 அங்குலம் வந்தது. குழாய்களை இறுக்கப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்புகளில் அத்தனை நீளம் கிடைக்காததால், இரண்டை ஒன்றோடொன்று கோத்து, திருகுகள் எதிரெதிரே வரும்படி மாட்டினேன். அகன்ற இடத்துக்குக் கீழே மாட்டினால், முட்டை வடிவத்தில் அது நழுவி இறங்கிவிடும். கிரில் ஆறியிருக்கும்போது மட்டுமே இறுக்க வேண்டும். விரல் நகம் நுழையாத அளவு போதும், அதற்கு மேல் முறுக்கினால் புதிய விரிசலை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சிறு நெருப்பில் நனைத்த மரச்சில்லுகளைப் போட்டு, மேலும் கீழும் காற்றுவழிகளை மூடிவிட்டுச் சுற்றி வந்தால், ஓட்டை எங்கே என்று புகையே காட்டிக்கொடுக்கும். விரிசலில் புகை இல்லை. ஆனால் கீலுக்குப் பக்கத்தில், மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில், ஊதுவத்தி போல ஒரு கோடு எழுந்தது. அது நானே வரவழைத்துக்கொண்ட இரண்டாவது வினை.

பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டி, ஒட்டியிருந்த பசையை அசிட்டோனால் துடைத்து எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த அவசரத்தில் மூடியை நேராக்காமலே புதிய கேஸ்கட்டை ஒட்டி, பசை இறுகும் முன்பே, மறுநாள் 600 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு நெருப்பை ஏற்றினேன். இடைவெளி வழியாக வந்த அனல் பின்பக்கக் கேஸ்கட்டைக் கருக்கிவிட்டது. முப்பது டாலர் புகையாய்ப் போனது. சரியான வரிசை இதுதான்: முதலில் பட்டையின் நட்டுகளைத் தளர்த்தி, மூடியை இறக்கி, அது தானாக அடிப்பாகத்தின் மீது பொருந்தி உட்கார்ந்த பிறகு இருபக்கமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அதற்குப் பிறகே கேஸ்கட். ஒட்டியதும் மூடியை ஓரிரவு மூடிவைத்து, முதல் சில சமையல்களை 350 டிகிரிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த நட்டுகளைச் சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். அவை தளர்ந்தால், திறக்கும்போது மூடி பட்டையிலிருந்து நழுவித் தரையில் விழும். மூடிகள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது கேஸ்கட்டை ஒட்டிய மறுநாள், ஒரு டாலர் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, சுற்றிலும் பத்து இடங்களில் இழுத்துப் பார்த்தேன். பத்திலும் நோட்டு பிடித்துக்கொண்டே வந்தது. இத்தனை வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஈரம் நின்ற கிரிலின் உள்ளே பிடிக்கும் பூஞ்சணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சோப்பும் ரசாயனமும் மட்டும் கூடாது, செராமிக் நுண்துளைகளில் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, சிறு நெருப்புகளால் ஈரத்தை மெல்ல வெளியேற்றிய பிறகு, ஒருமுறை நன்றாக எரியவிட்டால் போய்விடும். நீர் ஊறிய செராமிக்கை எடுத்த எடுப்பில் கொளுத்தினால், உள்ளே உண்டாகும் நீராவி அதைப் பிளக்கக்கூடும். கிரிலோடு வரும் தெர்மாமீட்டரையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஆல்ஃபரெட்டா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 210 டிகிரியில் கொதிக்க வேண்டும். என்னுடையது கொதிநீரில் 245 காட்டியது. பின்பக்க நட்டைத் திருகிச் சரிசெய்ய இரண்டு நிமிடம்தான் ஆனது.

விலை, இரண்டு கேஸ்கட், கிளாம்புகள், புதிய கம்பித்தட்டு எல்லாம் சேர்த்து 310 டாலர் ஆகியிருக்கிறது, பெட்ரோல் நீங்கலாக. போன மாதம் ஓர் ஆட்டுத் தொடையை 250 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தேன். முள் ஐந்து டிகிரிக்கு மேல் அசையவில்லை. காற்றுவழிகளை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பாதிக் கரி எரியாமல் மிச்சம் இருந்தது.

விரிசல் நின்ற இடத்தில் வெளிப்புறத்தில் ஒரு பென்சில் கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சமையலுக்கும் பிறகு டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை வரை அது கோட்டைத் தாண்டவில்லை.