ஒரே பட்டை, நாலு பட்டறை

வீட்டுக் கொட்டகையில் உலை வைத்து இரும்படிப்பவர்களைச் சுத்தியலை விட அதிகமாகப் படுத்துவது ஒரு கேள்விதான்: கையில் இருப்பது என்ன இரும்பு? பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய துண்டில் கத்தி அடிக்கிறோம். தோய்ச்சல் போட்டதும், அதாவது காய்ச்சி எண்ணெயில் நனைத்ததும், அரம் சுலபமாகக் கடிக்கிறது, அதாவது கடினம் ஏறவே இல்லை. சூடு போதவில்லையா, எண்ணெய் சரியில்லையா, இரும்பே அப்படித்தானா? தனியாக உட்கார்ந்து இதற்கு விடை தேடினால் ஒவ்வொரு துண்டும் முதலிலிருந்து ஆரம்பம். பக்கத்து ஊர்களில் இதே கிறுக்குப் பிடித்த மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால், ஒருவர் செய்யும் சோதனை எல்லோருக்கும் செல்லும்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்பது. டி.எம்.டி. கம்பி வேண்டாம். அதில் கார்பன் அதிகபட்சம் 0.3 சதவீதம், கொக்கி, இடுக்கி, அடுப்புக்கம்பி செய்யலாம், வெட்டும் முனை நிற்காது. ஜி.ஐ. பைப்பும் துத்தநாகம் பூசிய எதுவும் நெருப்புப் பக்கமே வரக்கூடாது. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம். உலைக்குக் காற்றுக் குழாய் போடும்போதும் பூச்சில்லாத கறுப்பு பைப்பையே கேட்டு வாங்குங்கள். தண்டவாளத் துண்டை அடைகல்லாக்க (இரும்பை வைத்து அடிக்கும் கல்லாக்க) எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் கணக்கில்லாமல் ரயில்வே சொத்தை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லேத் பட்டறைகளில் மிஞ்சும் தண்டுத் துண்டு போதும்: 10 செ.மீ. விட்டம், 40 செ.மீ. நீளம் இருந்தால் எடை 25 கிலோ வரும். செங்குத்தாக நிறுத்திப் புளியங்கட்டையில் இறக்கிவிட்டால் அடி முழுதும் இரும்புக்குள் இறங்கும். கோவை கணபதி பக்கம் போனால் இப்படிப்பட்ட துண்டு கிடைக்காமல் திரும்ப வேண்டியிருக்காது.

பட்டைக்கு வருவோம். லாரி ஸ்பிரிங் இரும்பில் கார்பன் பொதுவாக 0.5 முதல் 0.65 சதவீதம். நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் சிலிக்கான் கலந்த ஈ.என். 45 வகை, அல்லது குரோமியம் கலந்த எஸ்.யு.பி. 9 வகை. இரண்டும் எண்ணெயில் கடினமேறும். ஆனால் ஒரு ஸ்பிரிங் அடுக்கில் இருக்கும் எல்லாப் பட்டையும் ஒரே இரும்பு என்று நம்பாதீர்கள். ஓடிய லாரியில் உடைந்த பட்டைக்குப் பதில் வேறொன்றைச் சொருகியிருப்பார்கள். ஆகவே பங்கு போட வேண்டியது அடுக்கை அல்ல, ஒரே பட்டையை. 7 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன் உள்ள பட்டை மீட்டருக்கு ஐந்தரை கிலோ. ஒரு மீட்டர் பட்டையில் ஆளுக்கு 20 செ.மீ. வெட்டி நாலு பேர் எடுத்துக்கொண்டால் மிச்சம் 20 செ.மீ. சோதனைக்கு. வெட்டிய உடனே ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரே எண்ணைக் குத்திவிடுங்கள். மார்க்கர் மை முதல் சூட்டிலேயே போய்விடும்.

பழைய பட்டை என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். நடு போல்ட் துளையைச் சுற்றியும், அடுத்த பட்டையின் நுனி உரசி உரசிக் குழி விழுந்த இடத்திலும்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். துருவைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கறுத்த கோடாக வெளியே வரும். அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். ஸ்பிரிங் பட்டறையில் புதுப்பட்டையின் வெட்டுத் துண்டு கிடைத்தால் இந்த வேலையே இல்லை. கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ஒரு செ.மீ. தடிமனைத் தனியாளாக ஒரு கிலோ சுத்தியலால் அரையாக்குவது தோள்பட்டைக்குச் செய்யும் துரோகம். இன்னொருவர் 3 கிலோ சம்மட்டி பிடித்தால் ஒரு காய்ச்சலில், அதாவது உலையில் ஒரு முறை சூடேற்றியதில், ஆகும் வேலை தனியாளுக்கு நாலைந்து காய்ச்சல் எடுக்கும். அதற்கு ஒரு பேச்சில்லாத மொழி இருக்கிறது. இடுக்கி பிடித்திருப்பவர் தன் சிறு சுத்தியலால் தட்டிய இடத்தில்தான் சம்மட்டி விழ வேண்டும். அவர் வெறும் அடைகல்லைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். சத்தத்தில் வாயால் சொல்வது கேட்காது என்பதால் இதை முதலிலேயே குளிர்ந்த இரும்பில் பழகிக்கொள்ளுங்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் தரையில் கிடக்கும் எந்த இரும்பையும் சூடு என்றே நினைக்க வேண்டும். கறுத்துப்போன இரும்பு 400 டிகிரியிலும் கறுப்பாகத்தான் இருக்கும். நைலான் கலந்த துணி வேண்டாம், பருத்தி. கண்ணாடி எல்லோருக்கும், வேடிக்கை பார்க்கிறவருக்கும் சேர்த்து.

கரி என்றால் சீமைக்கருவேலக் கரிதான் சுலபமாகக் கிடைக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. 2 முதல் 4 செ.மீ. துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். பக்கவாட்டில் காற்று வரும் உலையில், குழாய் வாய்க்கு மேல் 12 செ.மீ. ஆவது கரி நிற்க வேண்டும். இரும்பைக் குழாய் வாய்க்கு நேரே வைத்தால் காற்று அதைத் தின்னும். செதில் செதிலாக உதிர்ந்தால் காற்று அதிகம் அல்லது கரி குறைவு என்று பொருள். இரும்பிலிருந்தே பூப்பூவாகப் பொறி கிளம்பினால் அந்த முனை எரிந்துவிட்டது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும், அடித்துச் சரிசெய்ய முடியாது. ஆரஞ்சு நிறத்தில் அடிக்கத் தொடங்கி மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். வெயிலில் இந்த நிறங்கள் பொய் சொல்லும், கூரை நிழல் அவசியம். ஆனால் சுவர் அடைத்த அறையில் கரி மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இப்போது சேர்ந்து செய்ய வேண்டிய முக்கியமான வேலை. அடிப்பதை அவரவர் வீட்டில் முடித்துக்கொண்டு, தோய்ச்சலுக்கு மட்டும் ஓரிடத்தில் கூடுங்கள். பொழுது சாயும் நேரம் நல்லது. சோதனைத் துண்டில் 2 செ.மீ. அகலக் கீற்று வெட்டி, செய்த கத்தியின் தடிமனுக்கு, ஏறக்குறைய 4 மி.மீ., அடித்துக்கொள்ளுங்கள். கத்தியோடு சேர்த்து அதையும் மூன்று முறை காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய், காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். அடிக்கும்போது பருத்த மணிகள், அதாவது இரும்புக்குள் இருக்கும் நுண்படிகங்கள், இதில் சிறிதாகும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் அதிகம் புலம்புகிறார்கள்.

சூட்டை அளக்க இரண்டு சாட்சிகள் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விடும். சமையல் உப்பு 801-இல் உருகும். காந்தம் விட்டபின் ஒரு கல் உப்பை வைத்துப் பாருங்கள். அது உருகி ஓடியபின் இன்னும் ஒரு சாயல் மேலே போனால் 830 பக்கம், குரோமியப் பட்டைக்கு அதுதான் வேண்டும். சிலிக்கான் பட்டை இன்னும் கொஞ்சம் கூடக் கேட்கும். கீற்றில் முதலில் பார்ப்பது இதற்காகத்தான். நெருப்பில் நேராக வைத்தால் முனை முந்திக்கொள்ளும். ஒரு பக்கம் அடைத்த 75 மி.மீ. கறுப்பு பைப்பைக் கரிக்குள் படுக்க வைத்து அதற்குள் கத்தியை வையுங்கள், சூடு சீராக ஏறும்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ போதும். பழைய என்ஜின் ஆயில் சும்மா கிடைக்கிறது என்று ஊற்றாதீர்கள், அதன் புகையில் கன உலோகங்கள் உண்டு. அரைக்கிலோ இரும்பு 5 லிட்டர் எண்ணெயைச் சுமார் 30 டிகிரி ஏற்றும். 2 லிட்டரில் நனைத்தால் 70 ஏறும், அடுத்தடுத்த கத்திகளுக்கு எண்ணெய் தாங்காது. முதலில் ஒரு வேண்டாத கம்பியைக் காய்ச்சி நனைத்து எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் சூட்டை வாங்கும். பாத்திரம் இரும்பாக, ஆழமாக, மூடியோடு இருக்கட்டும். கத்தியைச் செங்குத்தாக, முழுதும் மூழ்க இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் தீப்பிடிக்கும். பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். வளைந்தாலும், கை பொறுக்கும் சூடு வரும் முன் இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தினால் நேராகும். ஆறியபின் தட்டினால் ஒடியும்.

கீற்றை வைஸில் பிடித்து உடையுங்கள். கண்ணாடி மாதிரி உடைந்து, உள்ளே மெல்லிய சாம்பல் பட்டுப்போல் இருந்தால் சூடு சரி. மினுமினுப்பான பெருமணி தெரிந்தால் சூடு மீறிவிட்டது. வளைந்தால் போதவில்லை. கீற்று சரியானபின்தான் கத்திகள். யாருடைய கத்தியாவது உடைந்தால் எறிய விடாதீர்கள், உடைந்த முகத்தை எல்லோரும் பாருங்கள். முகத்தில் ஒரு பகுதி கறுத்துச் செதில் படிந்திருந்தால் அந்த விரிசல் நெருப்புக்குப் போகும் முன்பே இருந்தது: பழைய பட்டையின் குறை, அல்லது ஆறிய இரும்பை அடித்தது. முழுதும் புதிதாக இருந்தால் தோய்ச்சலில் நடந்தது.

ஊர் ஆசாரி இதே பட்டையைத் தண்ணீரில் நனைக்கிறாரே என்று கேட்பார்கள். அவர் முழுக்கத்தியையும் நனைப்பதில்லை. வெட்டும் வாயை மட்டும் தொட்டு எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு திரும்பி வாய்க்கு ஓடுவதை நிறத்தில் பார்த்து நிறுத்துகிறார். புதிதாக வருகிறவர் முழுதாகத் தண்ணீரில் போட்டால் டிக்கென்று விரியும் சத்தம்தான் மிஞ்சும். ஆசாரியிடம் கற்க ஆசையிருந்தால் விவசாயிகள் அரிவாளும் மண்வெட்டியுமாக வரிசை கட்டும் நாட்களில் போகாதீர்கள். போகிற அன்று அவர் நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். டிகிரிக் கணக்கை அவரிடம் எடுத்துவிட வேண்டாம், கையைப் பாருங்கள்.

தோய்ச்சல் முடிந்த கத்தியை அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், டெம்பரிங் செய்ய வேண்டும், அதாவது மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் குணத்தைக் குறைக்க வேண்டும். எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஓ.டி.ஜி. மின் அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். தேங்காய் வெட்டும் கத்திக்கு 230. அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள், தட்டில் மணல் பரப்பி அதில் கத்தியைப் புதைத்தால் ஏற்ற இறக்கம் தெரியாது. வீட்டில் கேக் செய்யும் அடுப்பைத் தொடாதிருப்பது இன்னொரு பாதுகாப்பு விதி; நாலு பேர் பங்கில் ஒரு பழைய அடுப்பு வாங்கிக்கொள்ளலாம்.

பட்டை எண், காட்டிய நிறம், எண்ணெய்ச் சூடு, டெம்பரிங் டிகிரி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, உடைத்த கீற்றை எண்ணோடு கம்பியில் கோத்து மாட்டுங்கள். எண்ணெயை ஆறியபின் துணியில் வடிகட்டி, தண்ணீர் இறங்காமல் மூடி வையுங்கள். அடியில் ஈரம் இருந்தால் அடுத்த தோய்ச்சலில் பொங்கும். பிசுபிசுத்துக் கெட்டியானதும் மாற்றிவிடுங்கள்.