ஹோஸ் பைப்பில் ஒரு ட்ரம்பெட்: இதுவரை செய்து பார்த்தது

அரை இஞ்ச் ஹோஸ் பைப், ஒரு பிளாஸ்டிக் புனல், ஒரு ட்ரம்பெட் மவுத்பீஸ். இந்த மூன்றையும் சேர்த்து ச, ப, மேல் ச, க, ப வரைக்கும் இப்போது தெளிவாக ஊத முடிகிறது. ட்ரம்பெட் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் வால்வ் வைத்த பித்தளைக் கருவிக்குப் போவதற்கு முன்னால் கொஞ்ச காலம் இப்படி ஒரு வெறும் குழாயோடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்லவும், எதுவரை வந்திருக்கிறேன் என்று குறித்து வைக்கவும் இதை எழுதுகிறேன்.

ஹோஸ் பைப்பில் ஊதுவது புது யோசனை இல்லை. 1956-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் டென்னிஸ் பிரெய்ன் என்ற பெரிய ஹார்ன் கலைஞர், ஹோஸ் பைப்பில் ஹார்ன் மவுத்பீஸைச் செருகிக்கொண்டு லியோபோல்ட் மொஸார்ட்டின் இசையை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அது வேடிக்கைக்காக நடந்த கச்சேரிதான், ஆனால் அவர் ஊதிய சுரங்கள் வேடிக்கை இல்லை.

முதலில் பொருட்கள். ஹோஸ் புதிதாக வாங்குங்கள். செடிக்குத் தண்ணீர் விட்ட பழசு வேண்டவே வேண்டாம், உள்ளே பாசி பிடித்திருக்கும், நாம் வாய் வைத்து ஊதப் போகிறோம். அரை இஞ்ச் ஹோஸின் உள்விட்டம் 12.7 மி.மீ., நிஜ ட்ரம்பெட் குழாயின் உள்விட்டம் சுமார் 11.7 மி.மீ., அதனால் கிட்டத்தட்ட பொருந்திவிடுகிறது. மவுத்பீஸ் மட்டும் அசலாக இருக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிற 7சி அளவு போதும், பிறகு பித்தளை ட்ரம்பெட் வாங்கினாலும் அதே மவுத்பீஸ் உதவும். அதன் வால் பகுதி ஹோஸுக்குள் லூசாகத்தான் இருக்கும். பிளம்பர்கள் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் இறுக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. காற்று கசிந்தால் மேல் சுரங்கள் வரவே வராது, அதனால் இந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

நீளம்தான் முக்கியம். நாம் சாதாரணமாகப் பார்க்கிற பி ஃபிளாட் ட்ரம்பெட்டின் வளைவுகளை எல்லாம் நிமிர்த்தினால் சுமார் 148 செ.மீ. வரும். நம் கணக்கில் சொன்னால் ஆறரைக் கட்டை சுருதி. நான் ஹோஸைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொண்டு, போனில் ட்யூனர் செயலியைப் பார்த்துப் பார்த்து, விரல் அகலம் விரல் அகலமாக நறுக்கிக்கொண்டே வந்தேன். நறுக்க நறுக்கச் சுருதி ஏறுவதை முள் காட்டும். ஆறரைக் கட்டை தம்பூராவை ஓடவிட்டு அதோடு ஒட்டுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம் உதடு. இந்தக் கருவிக்குச் சீவாளி கிடையாது, உதடுதான் சீவாளி. இரண்டு உதடுகளையும் லேசாக மூடி, ஓரங்களை இறுக்கி, நடுவில் மட்டும் காற்றுக்கு வழி விட்டால் அது படபடக்கிறது; குழாய் அந்தப் படபடப்பில் தனக்குப் பிடித்த வேகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தருகிறது. இதைச் சொல்வது சுலபம், முதல் சில நாட்கள் வெறும் மவுத்பீஸை மட்டும் ஊதி, அதில் ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிக்கப் பழகின பிறகுதான் ஹோஸில் ஒலி நின்றது. கன்னத்தை உப்பக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஜாஸ் ட்ரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பி கன்னம் இரண்டும் பலூனாக உப்ப வாசித்தவர்தான், ஆனால் அவர் வழி அவருக்கு.

புனல் வைக்காமல் முதலில் ஊதியதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வெறும் ஹோஸில் கீழே இருக்கிற சுரங்களுக்கு நடுவே இடைவெளி தேவையைவிட அகலமாக இருந்தது. ச-விலிருந்து ப-வுக்குப் போக வேண்டிய தாவல் ப-வைத் தாண்டிப் போய் நிற்கும். காரணம் பள்ளி இயற்பியல்தான்: ஒரு முனை மூடிய உருளைக் குழாயில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைச் சீரிசைகள் (அடிச் சுரத்தின் அதிர்வு வேகத்துக்கு இத்தனை மடங்கு என்று வருகிற சுரங்கள்) மட்டும்தான் உண்டு, உதடு வைத்த பக்கம் மூடிய முனை மாதிரியே நடந்துகொள்கிறது. அப்படியானால் ட்ரம்பெட்டில் எப்படி 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக எல்லாம் வருகிறது? மறுமுனையின் விரிந்த பகுதி கீழ்ச் சுரங்களை மேலே ஏற்றுகிறது, மவுத்பீஸின் கிண்ணம் மேல் சுரங்களைக் கீழே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒற்றைப்படை வரிசையை நெருக்கி முழு வரிசையாக ஆக்கிவிடுகின்றன. கருவி செய்தவர்கள் பல தலைமுறைகளாகக் காதால் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்த வடிவம் இது. பித்தளையில் அந்த விரிவு குழாயின் கணிசமான நீளத்துக்கு மெதுவாக நடக்கிறது. என் புனல் திடீரென்று விரிகிறது, அதனால் முழுப் பலன் இல்லை, ஆனாலும் புனலைச் செருகியதும் கீழ் ச மேலே ஏறி ப-வை நோக்கி நெருங்கியதை ட்யூனரில் கண்ணால் பார்த்தேன். புனல் சத்தத்துக்காக மட்டும் என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

இப்போது வருகிற வரிசை இது: ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், ப, அதற்கு மேலே நிஷாதம் மாதிரி ஒன்று, பிறகு உச்ச ச. தம்பூராவில் ச தந்தியை மீட்டினால் தானாகக் கேட்கிற அந்தர காந்தாரம் இருக்கிறதே, அது ஐந்தாவது சீரிசை. இங்கே அதே காந்தாரத்தை உதட்டால் பிடித்து நிறுத்துகிறோம். பியானோவின் காந்தாரத்தைவிட இது 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கீழே இருக்கும், தம்பூராவோடு சேர்த்து வைத்தால் இதுதான் சரியாக இழைகிறது. ஏழாவது சீரிசையான அந்த நிஷாதம் பியானோவைவிட 31 சென்ட் கீழே நிற்கிறது, வழக்கமான பாட்டில் அதைச் சேர்ப்பது கஷ்டம். இன்னும் மேலே பதினொன்றாவது, சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நட்ட நடுவில். எனக்கு அந்த உயரம் இன்னும் வரவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து ட்ரம்பெட் வாசிப்பாளர்கள் அந்த உயரத்தில்தான் ராகம் இழைத்தார்கள், ஏனென்றால் எட்டாவது சீரிசைக்கு மேலேதான் சுரங்கள் அடுத்தடுத்துப் படிக்கட்டு மாதிரி கிடைக்கின்றன. அவர்கள் குழாய் இதைவிட மிக நீளம், இரண்டு மீட்டரைத் தாண்டும். லைப்ஸிக்கில் பாக்குக்கு வாசித்த காட்ஃப்ரீட் ரைஹாவின் ஓவியம் ஒன்று இருக்கிறது, கையில் வட்டமாகச் சுருட்டிய ட்ரம்பெட்டோடு நிற்பார். பார்க்கச் சுருட்டி வைத்த ஹோஸ் போலவே இருக்கும். சுருட்டினால் சுருதி கெடுமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே பதில். மடிந்து நசுங்கினால்தான் கெடும்.

இதை ஊத ஆரம்பித்த பிறகு மற்றக் கருவிகளைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. சங்கு, கொம்பு, எக்காளம், பெருமாள் கோயில் புறப்பாட்டில் ஒரே ஆள் இரண்டை ஒன்றாக வைத்து ஊதுகிற திருச்சின்னம், யூதர்கள் புத்தாண்டில் ஊதுகிற ஆட்டுக்கடாக் கொம்பான ஷோஃபார், பட்டாளத்து பியூகிள், எல்லாமே உதடு படபடக்க ஊதுகிற ஒரே குடும்பம். நாதஸ்வரமும் கிளாரினெட்டும் சீவாளி வைத்தவை என்பதால் வேறு வீடு. கார்னெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் பி ஃபிளாட் ட்ரம்பெட்டும் நீளத்தில் ஒன்று, விரல் வைப்பிலும் ஒன்று, ஆனால் ட்ரம்பெட்டில் நேர் உருளை அதிகம், கார்னெட்டில் கூம்பு அதிகம், ஃப்ளூகல்ஹார்னில் இன்னும் அதிகம், கூம்பு கூடக்கூட ஒலி குழைகிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் உலகம் முழுக்கக் காதைத் துளைத்த வூவூஸெலாவும் இதே இனம்தான். அது சுமார் 65 செ.மீ. நீளமுள்ள கூம்பு, அதன் ஒற்றைச் சுரம் என் ஹோஸ் தருகிற கீழ் ச-வுக்கு மிகக் கிட்டே இருக்கிறது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த வெள்ளி ட்ரம்பெட் சுமார் 58 செ.மீ.; 1939-ல் பிபிசி வானொலிக்காக அதை ஊதி ஒலிபரப்பினார்கள். குட்டையான குழாய்க்குச் சில சுரங்கள்தான், சேதி சொல்ல அது போதும்.

சரி, வால்வுக்கு வருகிறேன். வால்வ் என்ன செய்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஹோஸை வெட்டித் தெரிந்துகொள்வது நல்லது. மீதி ஹோஸில் சின்னத் துண்டுகள் வெட்டி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஜாயின்ட் போட்டு நடுவில் சேர்த்துச் சேர்த்து ஊதிப் பார்த்தேன். 148 செ.மீ. குழாயில் சுமார் 9 செ.மீ. கூடினால் அரைச் சுரம் இறங்கும், அது நடு வால்வ். 18 செ.மீ. கூடினால் முழுச் சுரம், அது முதல் வால்வ். 28 செ.மீ. கூடினால் ஒன்றரைச் சுரம், மூன்றாவது வால்வ். வால்வை அழுத்தினால் அந்தத் துண்டு வழியாகக் காற்றுப் பாதை சுற்றிப் போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதலும் மூன்றும் சேர்ந்து இரண்டரைச் சுரம் இறக்க வேண்டும். அதற்குத் தேவை கிட்டத்தட்ட 49.5 செ.மீ., நம்மிடம் இருப்பது 18 + 28, அதாவது 46. மூன்றரை செ.மீ. பற்றாக்குறை, சுருதி ஏறி நிற்கும். மூன்றும் சேர்ந்தால் இன்னும் மோசம், ஆறு செ.மீ.க்கு மேல் போதாது. குழாய் நீளமாக ஆக, ஒரே அளவு இறக்கத்துக்கு அதிக நீளம் வேண்டும், துண்டுகளோ மாறுவதில்லை. அதனால்தான் ட்ரம்பெட்டில் மூன்றாவது வால்வின் ஸ்லைடில், அதாவது உள்ளே வெளியே நகர்கிற குழாயில், விரல் மாட்ட ஒரு வளையம் இருக்கிறது, வாசிக்கும்போதே அதை வெளியே தள்ளிக் குறையைச் சரிசெய்வதற்கு. அந்த வளையத்தைக் கடைக்காரர் காட்டினால் 'சும்மா பிடிப்புக்கு' என்று நினைத்திருப்பேன்; ஹோஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட பிறகு அதை மறக்கவே முடியாது.

வால்வ் வருவதற்கு முன் துண்டு மாட்டிச் சுருதி மாற்றுவதுதான் வழக்கம், குரூக் என்பார்கள், பாட்டுக்குப் பாட்டு கழற்றி மாட்ட வேண்டும். வியன்னாவில் அன்டன் வைடிங்கர் குழாயில் துளை போட்டுச் சாவி வைத்துப் பார்த்தார், அவருக்காகத்தான் இசையமைப்பாளர் ஹைடன் 1796-ல் ட்ரம்பெட் கான்செர்டோ எழுதினார். 1818-ல் பிரஷ்யாவில் ஸ்டோல்செலும் ப்ளூமெலும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு எல்லாச் சுரமும் விரலுக்கு எட்டின.

இப்போது ஒரு பழைய பித்தளை ட்ரம்பெட்டும் கைக்கு வந்துவிட்டது. கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கிற அண்ணன் ஒருவர் தன்னிடம் சும்மா இருந்ததைக் கொடுத்தார். வால்வுக்கு எண்ணெய் விடுவது, எச்சில் தண்ணீரை வாட்டர் கீயைத் திறந்து வடிப்பது எல்லாம் அவர்தான் காட்டினார். முதல் நாள் நான் ஊதியதைக் கேட்டுவிட்டு, "தம்பி, வால்வை அழுத்துறதுக்கு முன்னாடியே சுரம் உன் காதுல இருக்குது, அது போதும். உதட்டுல மட்டும் அழுத்தாதே, காத்தை விடு" என்றார். ஹோஸ் கொடுத்த பலன் அதுதான். வால்வ் கருவியில் ஒரே விரல் வைப்பில் ச-வும் வரும், ப-வும் வரும், க-வும் வரும். எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உதடும் காதும். விரலை முதலில் பழகினவர்கள் சுரம் தவறும்போது விரலைத்தான் பார்க்கிறார்கள்.

உதட்டில் அழுத்தம்தான் இன்னும் என்னோடு போராடுகிறது. மேல் ப-வுக்குப் போகும்போது கை தானாக மவுத்பீஸை உதட்டோடு நெருக்குகிறது, வட்டத் தடம் பதிந்துவிடுகிறது. அண்ணன் சொன்னபடி, ஊதின நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஓய்வு. கட்டைவிரல் நீங்கலாக இடது கையைத் தளர்த்திப் பிடித்து நீண்ட சுரங்கள், ஒவ்வொன்றும் மெல்லத் தொடங்கி மெல்ல முடிய. அடுக்குமாடி வீடு என்பதால் காலையில் சத்தத்தை அடக்குகிற அடைப்பான பிராக்டிஸ் மியூட் போட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் திறந்து ஊதுகிறேன். மியூட் போட்டால் காற்றுக்கு எதிர்ப்பு கூடிச் சுருதியும் கொஞ்சம் மாறும், அதனால் அதோடு மட்டும் பழகக் கூடாது. மாடியில் வெயில் வேறு விஷயம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் குழாய்க்குள் ஒலியின் வேகம் கூடி ஏறக்குறைய 30 சென்ட் ஏறிவிடும், ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுக்காமல் தம்பூராவோடு சேராது.

இன்றைய நிலவரம்: பித்தளையில் கீழ் ச முதல் மேல் ச வரை சங்கராபரணம் ஏற்ற இறக்கமாக வருகிறது, முதலும் மூன்றும் சேர்கிற ரி-யில் ஸ்லைடு தள்ளுவது விரலுக்குப் பழக்கமாகிவிட்டது, மேல் ப பாதி நாட்கள்தான். ஹோஸை ஓரம் கட்டவில்லை, தினமும் வார்ம்-அப் அதில்தான். அடுத்ததாக 235 செ.மீ. வாக்கில் நீளமாக ஒன்று, இரண்டு கட்டையில், புனலுக்குப் பதில் மெதுவாக விரிகிற கூம்பைத் தகரத்தில் அடித்து வைத்துச் செய்யப் போகிறேன். தகர வேலைக்காரரிடம் அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுத்தாகிவிட்டது. கீழ் ச-வுக்கும் ப-வுக்கும் இடைவெளி எவ்வளவு சரியாகிறது என்று அளந்துவிட்டு அந்த எண்களை எழுதுகிறேன்.