தேத்தண்ணிக்குள் பவுடர்

மலைநாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் குளிர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நுவரெலியாவில் பிறந்தவருக்கு அதை யார் புதிதாகக் காட்டுவது? எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முதலில் வாய் கூசும், பிறகு அதுவும் வந்துவிடும். அதிர்ச்சி காத்திருப்பது நர்சிங் ஹோம் சமையலறையில். நல்ல சாயம் இறங்கிய தேத்தண்ணியை ஊற்றி வைத்தால், சீனியர் ஒருவர் அதை வெள்ளைப் பவுடரோடு கலக்கிக் கூழாக்கி, "இதுதான் அவருக்கு" என்பார். ஹட்டனில் இப்படிக் கொடுத்தால் கொடுத்தவர் தலையிலேயே ஊற்றுவார்கள்.

எல்லாம் புரையேறுவதால் வந்த வினை. லயத்தில் கிழவிக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க அப்பாயி" என்போம். கொழும்புக் கடையில் நிற்கும் பேரனின் பெயரும் அதில் அடிபடும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்களுக்கு விழுங்கும் தசை மந்தமாகிவிடுகிறது. தண்ணீர் போன்றது தொண்டை சுதாரிக்கும் முன்பே மூச்சுக்குழாய்க்குள் ஓடி, நுரையீரலில் நிமோனியாவாக முடியலாம். மெதுவாக இறங்கட்டும் என்றுதான் பவுடர் போட்டுத் தடிப்பாக்குகிறார்கள். சிலருக்கு இருமலே வராது. குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தால் உடனே நிறுத்தி, நர்ஸிடம் சொல்லி, எழுதி வைக்க வேண்டும். தலையில் தட்டினால் உங்களைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

எவ்வளவு தடிப்பு என்று முடிவு செய்பவர் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர். தடிப்பை அளக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலில் பானங்கள் 0 முதல் 4 வரை: 0 தண்ணீர் போல, 4 மிகத் தடிப்பு. சந்தேகம் வந்தால் சோதிக்க வழி உண்டு. 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 செக்கன் ஒழுக விட்டு மறுபடி அடைக்க வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் நின்றால் நிலை 3. நிலை 4 ஒழுகவே ஒழுகாது, கரண்டியால்தான் ஊட்ட வேண்டும். சிரிஞ்சும் ஏதோ ஒன்று ஆகாது: 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

கலக்குவதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். பாலும் சீனியும் முதலில் சேர வேண்டும், பவுடர் கடைசி. ஸ்கூப் அந்த டின்னுக்குள் இருந்ததாகவே இருக்க வேண்டும், மட்டமாக வழித்து எடுக்க வேண்டும். எத்தனை ஸ்கூப் என்பது டின்னுக்கு டின் மாறும், லேபலைப் பாருங்கள். பால் சேர்ந்தது இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு இன்னொரு ஸ்கூப் போட்டால் கட்டி தட்டிவிடும், பிறகு ஊற்றிவிட்டுப் புதிதாகத்தான் கலக்க வேண்டும். மாச்சத்துப் பவுடர் நேரம் போகப் போக இன்னும் இறுகும், ஆனால் எச்சில் பட்டால் இளகும். சாந்தன் கோந்தில் செய்த பவுடர் அப்படி மாறாது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மேக்ரோகோல் மருந்தை மாச்சத்துப் பவுடரோடு கலந்தால் பானம் மறுபடி தண்ணீராகிவிடும்; 2021இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதை எச்சரித்தது. ஐஸ்கிரீமும் வாயில் உருகித் தண்ணீராவதுதான், அன்பாக நீட்டிவிடாதீர்கள். டின்னைக் கட்டிலருகே விட்டுப் போகவும் கூடாது. ஒருவர் அந்தப் பவுடரையே விழுங்கி மூச்சடைத்து இறந்த பிறகு 2015இல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்பியது.

இத்தனையும் செய்து கொடுத்தாலும் பாதிக் கோப்பை அப்படியே திரும்பி வரும். பெரிய மனக்குறை அதுதான். தடித்த தேத்தண்ணியை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை, அதனாலேயே உடம்பில் நீர் வற்றுகிறது. கொடுத்தது 200 மில்லி, குடித்தது 70 என்றால் சார்ட்டில் 70தான் எழுத வேண்டும். 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது முதல் இந்த இங்கிலாந்துக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். கடைசியில் அதைக் கூழாக்கிக் கரண்டியில் ஊட்டும் வேலையும் நமக்கே வந்திருக்கிறது.

கொஞ்ச நாளில் கை பழகிவிடும். பழகிவிட்டது என்று வீட்டுக்கும் சொல்லலாம். ஆனால் கொதிநீர் பட்டு டீ பேக் வாசம் எழும்போது ஃபெக்டரிப் பக்கத்துக் காற்று மூக்கில் ஏறும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிக்கும் தாத்தாமார் ஞாபகத்துக்கு வருவார்கள். இங்கே இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு நிலை 2 எழுதியிருப்பார்களோ! ஸ்கூப் கணக்கு தப்புவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இங்கே ஒரு விஷயம் பிடிக்கும். புத்தித் தெளிவோடு இருப்பவர் ஆபத்தைப் புரிந்துகொண்டே, "எனக்குச் சாதாரணத் தேத்தண்ணிதான் வேண்டும்" என்றால், 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி அது அவர் முடிவு. அந்த முடிவு பராமரிப்புத் திட்டத்தில் ஏறியபின் நீங்கள் வாதாட வேண்டாம், ஆனால் திட்டத்தில் எழுதியதை நீங்களாக மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நேராக நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு மடக்கு விழுங்கிய பிறகே அடுத்தது. குடித்து அரை மணி நேரம் படுக்க விட வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால், பல் செட் வாயில் இருக்கிறதா, தம்ளரில் கிடக்கிறதா என்று பாருங்கள்.