'வில்' மட்டும் போதாது

அக்டோபர் 14, 2024, திங்கள்

சைதாப்பேட்டை மாலை ஆங்கில வகுப்பில் இன்று எதிர்காலம். பள்ளியிலிருந்து எல்லோரும் கொண்டுவந்திருப்பது ஒரே சூத்திரம்: எதிர்காலம் என்றால் 'வில்'. இவர்கள் பேச்சை விறைப்பாக்குவது இதுதான். புதன்கிழமை நேர்காணல் என்று கடிதமே வந்துவிட்ட பெண், "ஐ வில் அட்டெண்ட் அன் இன்டர்வியூ" என்கிறாள். ஏற்பாடு முடிந்த விஷயத்துக்கு "ஐ ஆம் அட்டெண்டிங் அன் இன்டர்வியூ ஆன் வெட்னஸ்டே" என்பதுதான் இயல்பு.

"அது நிகழ்காலம் ஆச்சே சார்?" என்றாள்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன்னு நாம சொல்றதில்லையா?" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. பள்ளி, கல்லூரி விடுமுறை. நம் வகுப்பும் இல்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வாட்ஸப் குழுவிலேயே பாடம் நடந்தது. வானம் கறுத்திருப்பதைப் பார்த்துச் சொன்னால் "இட்ஸ் கோயிங் டு ரெயின்". அறிகுறி கண்ணெதிரே இருக்கிறது. அடுத்த வாரமும் பெய்யும் என்று நமக்குத் தோன்றினால் "ஐ திங்க் இட் வில் ரெயின்". அது நம் ஊகம். காரை மேம்பாலத்தில் விடுவதென்று காலையிலேயே முடிவெடுத்தவர் "ஐ ஆம் கோயிங் டு பார்க் தேர்" என்பார். நடுவில் ஒருவர், தெருவில் தண்ணீர், பால் வாங்க முடியவில்லை என்று போட்டார். உடனே இன்னொருவர்: "ஐ வில் கெட் இட்." அந்த நொடியில் எடுத்த முடிவு. 'வில்' சரியாக உட்கார்ந்த இடம் இதுதான்!

ஆங்கிலத்தில் காலம் மட்டும் கணக்கில்லை. எதை வைத்துச் சொல்கிறோம் என்பதும் வினையிலேயே தெரிந்துவிடுகிறது.

அக்டோபர் 16, புதன்

ரெட் அலர்ட், ஆனால் பயந்த அளவு பெய்யவில்லை. நேர்காணல் தள்ளிப்போனது. "ஐ வாஸ் கோயிங் டு அட்டெண்ட், பட் இட் வாஸ் போஸ்ட்போன்ட்" என்று அவளே எழுதினாள். நடக்க இருந்து நடக்காமல் போனதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வகுப்பு மறுபடியும். ஓய்வு பெற்ற ஒருவர், "ஐ, வி வந்தால் 'ஷால்'தானே சார்?" என்று கேட்டார். கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இருக்கும் விதி அது. இன்றைய பேச்சில் "ஷால் வி ஸ்டார்ட்?" போன்ற கேள்விகளிலும், ஒப்பந்தப் பத்திரங்களிலும்தான் 'ஷால்' அதிகம் தென்படுகிறது.

அப்புறம் 'இஃப்'. "இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்" என்று பலரும் எழுதியிருந்தார்கள். "இஃப் இட் ரெயின்ஸ்" போதும். "மழை பெய்தால்" என்பதில் நாம் மட்டும் எதிர்கால இடைநிலையா வைக்கிறோம்?

மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம், ஆங்கிலத்தில் எதிர்கால டென்ஸ் என்ற ஒன்றே இல்லை என்கிறது. 'வில்' என்பது 'கேன்', 'மே' போல ஒரு துணைவினைதான். இதைச் சொன்னதும் வகுப்பு திகைத்துவிட்டது. "பன்னிரண்டு டென்ஸ் மனப்பாடம் பண்ணோமே!"

அந்தப் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையில் 'கோயிங் டு'வுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. திங்களன்று அதைப் பலகையில் எழுதிப் போட்டு, என்னவெல்லாம் விடுபட்டிருக்கிறது என்று அவர்களையே கேட்கப் போகிறேன்.