பத்தாம் வகுப்பு கணக்குத் தாள் திருத்த முதன்முறை போகிறவர்களுக்கு

முகாமில் விடைக்குறிப்பு கைக்கு வந்ததும் பலர் நேராக ஒரு மார்க் விடைகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். முன்னால் இருக்கும் பொதுக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. பிற்பகலில் வருகிற சண்டைகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும். விடை முழுக்கச் சரியென்றால் படிப்படியாகப் பிரிக்காமல் முழு மதிப்பெண்ணை அப்படியே போட வேண்டும். ஸ்டெப் மார்க் என்பது எங்கோ பிசகிய விடைக்கு மட்டும்தான். இதை மறந்துவிட்டு, சரியாகப் போட்ட பையனிடம் "சூத்திரம் எழுதவில்லை" என்று ஒரு மார்க் பிடுங்குவது ஒவ்வொரு அறையிலும் ஒருவராவது செய்கிற தவறு.

தாளின் அமைப்பு தெரிந்ததே: 14 ஒரு மார்க், 10 இரண்டு மார்க், 10 ஐந்து மார்க், இரண்டு எட்டு மார்க், ஆக 100. ஒரு மார்க்கில் குறியீடும் விடையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குறியீடு 'ஆ', எழுதிய விடையோ 'இ'யினுடையது என்றால் எதை எடுப்பது? விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதென்று பார்த்து, அறை முழுக்க ஒரே மாதிரி செய்யுங்கள். இரக்கப்பட்டு ஒருவர் மட்டும் கொடுத்தால், பக்கத்து மேசைக்குப் போன தாளுக்கு அது அநியாயம்.

உண்மையான சிக்கல் ஐந்து மார்க்கில். பாடநூலில் இருக்கும் திட்ட விலக்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் தினமும் விற்ற தொலைக்காட்சிகள் 13, 8, 4, 9, 7, 12, 10. விடை √8, அதாவது 2.83. நேரடி முறையில் 89 − 81. கூட்டுச் சராசரி 9 என்று எடுத்தால் 56/7. ஊகச் சராசரி 10 என்று எடுத்தால் 9 − 1. எப்படி வந்தாலும் 8தான். குறிப்பில் ஒரு முறைதான் அச்சாகியிருக்கும் என்பதற்காக மற்றவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டு தாள்கள், இரண்டிலும் ஊகச் சராசரி 10, இரண்டிலும் விடை 3. முதல் தாளில் அட்டவணை சரி, சூத்திரமும் √(Σd²/n − (Σd/n)²) என்று முழுசாக இருக்கிறது. பிரதியிடும்போது இரண்டாவது உறுப்பை விட்டுவிட்டு √9 என்று போட்டிருக்கிறாள். இரண்டாவது தாளில் சூத்திரமே Σd²/n-இன் வர்க்கமூலம்தான். கூட்டுச் சராசரிக்கான சூத்திரத்தை ஊகச் சராசரிக்குப் போட்டிருக்கிறான். அட்டவணைக்கு 2, சூத்திரம், பிரதியிடல், விடைக்கு ஒவ்வொன்று என்று பிரிப்பு இருந்தால் முதல் தாளுக்கு 3, இரண்டாவதுக்கு 2. கடைசி வரியை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் இரண்டுக்கும் ஒரே மார்க் போடுவார். இன்னொருவர் பிரதியிடல்வரை சரியாக வந்து, (−1)²-ஐ −1 என்று எடுத்து √10-இல் முடித்திருந்தால் 4.

இதிலும் கடினமானது, நடுவில் ஒரு வர்க்கத்தில் தவறி மீதியைச் சரியாகக் கொண்டுபோன தாள். (−6)²-க்கு 30 என்று எழுதிவிட்டான். Σd² 57 ஆகி, விடை 2.67 வருகிறது. அட்டவணையில் ஒன்று போகும், சரி. விடைக்கான மார்க்கும் போகுமா? ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை வேண்டாம் என்பது என் கருத்து. விடை தவறு, அதற்கு ஏன் மார்க் என்று கேட்பவர்களும் உண்டு. குறிப்பில் இதற்கு வழி சொல்லியிருந்தால் அதுவே முடிவு. சொல்லவில்லையென்றால் முதல் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே சி.இ.யிடம் (முதன்மைத் தேர்வாளரிடம்) கேட்டு, அவர் சொன்னதை விடைக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டால் மதியத்துக்குமேல் கை தானாகத் தளர்ந்துவிடும், அல்லது இறுகிவிடும்.

அந்தத் தளர்ச்சிக்கு ஒரு வழி உண்டு. தாள் தாளாக முடிக்காமல், கட்டு முழுக்க ஒரு மார்க் பகுதியை முதலில் ஒரே ஓட்டமாக முடியுங்கள். பிறகு வரைபடத்தையும் வடிவியலையும் தனியாக எடுங்கள். ஒரே கேள்வியை அடுத்தடுத்துப் பார்க்கும்போது அளவுகோல் மாறாது.

வரைபடத்தில் அச்சு, அளவுத்திட்டம், அட்டவணை, புள்ளிகள், வளைவரை, தீர்வு என்று தனித்தனியாகப் பாருங்கள். அட்டவணையில் ஒரு மதிப்பு தப்பினால் ஒரு புள்ளி வளைவரையை விட்டு விலகி நிற்கும். மாணவர் அந்தத் தப்பான புள்ளியைத் தன் அட்டவணைப்படி சரியான இடத்தில் குறித்திருந்தால் குறித்ததில் குறை இல்லை. வடிவியலில் விடைக்குறிப்பின் அச்சுப் படத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், அது சுருங்கியிருக்கலாம். உங்கள் அளவுகோலால் தாளையே அளங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பென்சில் முனையின் தடிமனால் வருவதுதான். வில்கள் இல்லாமல் கோடு மட்டும் நேர்த்தியாக நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

கட்டாய வினாக்கள் இரண்டு மார்க்கில் 28, ஐந்து மார்க்கில் 42. 28-ஐ விட்டுவிட்டு மற்றதில் பத்து எழுதியிருந்தால் ஒன்பதுக்குத்தான் கணக்கு என்பதே வினாத்தாளின் பொருள். முன்பக்கத்தில் கூட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் அடித்தல் திருத்தல், கையெழுத்து என்று வேலை இரட்டிப்பாகும்.

34-இல் நிற்கும் தாளை எல்லோரும் இன்னொரு முறை புரட்டுவார்கள். விட்டுப்போன மார்க்கைத் தேடத்தான் அந்தப் புரட்டல், புது மார்க் உண்டாக்க அல்ல. அதே அக்கறை 61-க்கும் வேண்டும், 61-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எஸ்.ஓ. (திருத்திய தாளைச் சரிபார்க்கும் கூர்ந்தாய்வு அலுவலர்) பிடிக்கிற தவறுகளில் கணித அறிவு சம்பந்தப்பட்டவை குறைவு. திருத்தாமல் விட்ட பக்கம், உள்ளே போட்ட மார்க் முன்பக்கம் வராதது, கூட்டல் பிழை, இவைதான். வரைபடத் தாள் கடைசியில் கட்டப்பட்டிருக்கும், வெற்றுப் பக்கங்களைத் தாண்டித்தான் அது வரும். வரைபட வினாவான 44-க்கு முன்பக்கத்தில் உள்ள கட்டம் காலியாக இருந்தால், நூல் முடிச்சுவரை புரட்டிப் பார்த்த பிறகே கோடு போடுங்கள்.