மானாவாரி மல்லாட்டை: ஒரு பட்டத்தின் நாட்குறிப்பு

ஜூலை 14

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மூன்று நாளாக மூட்டம் போட்டுப் போட்டுக் கலைகிறது. ஜவ்வாது மலைப் பக்கம் இடிக்கிறது, கொல்லையில் தூறல்கூட இல்லை. மழை என்றைக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. மழை பெய்த மறுநாளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கத் தயாரா என்ற கேள்விக்குப் பதில் நம் கையில்தான்.

ஏக்கருக்கு 50 முதல் 55 கிலோ பருப்பு வேண்டும். 100 பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் முளைப்பு தெரிந்துவிடும். 70-க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். மெஷினில் உடைத்தால் தோல் உரிந்து, கீறல் விழுந்த பருப்பு மண்ணில் அழுகும். கையால் உடைக்க நேரம் பிடிக்கும். மழையில்லாத நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 18

ராத்திரி மழை. வெட்டவெளியில் வைத்த நேரான டின்னில் ஸ்கேல் விட்டுப் பார்த்தால் 28 மில்லிமீட்டர். கொத்திப் பார்த்தால் ஒரு சாண் ஆழம் ஈரம். இது போதும். பத்து மில்லிமீட்டர் தூறலை நம்பி விதைத்தால் பருப்பு ஊறும், முளை மேலே வருமுன் காயும். விதைப்பணம் முழுக்கப் போகும்.

விதைப் பருப்பு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம்) கலக்கணும். பிறகு ஆறின கஞ்சியில் ரைசோபியம் (தழைச்சத்தை வேரில் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்), ஏக்கருக்கு 240 கிராம். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைக்கணும். இதோடு ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியைச் சேர்த்தால் உயிர்மருந்து செத்துப்போகும். அடிக்கு ஒரு சால், சாலில் அரைச் சாணுக்கு ஒரு பருப்பு, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஜூலை 25

முளைப்பு நன்றாக இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு நிலப் பத்திரங்களான சிட்டா, அடங்கல், கூடவே ஆதார், பேங்க் புத்தகம் எடுத்து வையுங்கள். காரிப் (தென்மேற்குப் பருவமழைக் கால) எண்ணெய்வித்துக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஆகஸ்ட் 16, விதைத்த 29-ஆம் நாள்

பதினைந்து நாளாக மழை இல்லை. உச்சி வெயிலில் இலை மடிந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் மல்லாட்டை இந்த வயசில் மண் காய்ச்சலைத் தாங்கும். வேர் ஈரத்தைத் தேடி ஆழம் போகும். அடுத்த மழைக்குப் பூ ஒன்றுசேர வரும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள்: இலை விரிந்திருந்தால் பயிர் பிழைத்திருக்கிறது. காலையிலும் தொங்கினால்தான் ஆபத்து. கிணற்றில் தண்ணீர் இருந்தால் பயிரைக் காக்க ஒரு உயிர்த்தண்ணீர் விடலாம்.

இப்போது செய்ய வேண்டியது மேலாகக் களை கொத்துவதுதான். களை குடிக்கும் தண்ணீர் மிச்சமாகும், கொத்திய புழுதி ஈரத்தை மூடிக்காக்கும். செய்யக் கூடாதது, மனசு கேட்காமல் யூரியா வீசுவது. ஈரமில்லாத மண்ணில் அது வேருக்குச் சேராது, காசுதான் நஷ்டம்.

ஆகஸ்ட் 31, 44-ஆம் நாள்

செடியின் கீழ்க் கணுவைத் தூக்கிப் பாருங்கள். உதிர்ந்த பூவின் இடத்திலிருந்து ஊதா நிறத்தில் ஊசி போல விழுது மண்ணை நோக்கி இறங்குகிறது. அதன் நுனியில்தான் காய். மேல்மண் இறுகியிருந்தால் நுனி முட்டிக் கருகும். கொத்துவதும் மண் அணைப்பதும் இன்றோடு முடியணும். இதற்குப் பிறகு மண்வெட்டி பட்டால் காயை நாமே அறுத்தது போல.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சம் மூட்டை வந்துவிட்டது. மண்ணோ காய்ந்து கிடக்கிறது, அதனால் போடவில்லை. மானாவாரிக்கு 40-லிருந்து 75-ஆம் நாள் வரை அவகாசம் உண்டு.

செப்டம்பர் 10, 54-ஆம் நாள்

நேற்று நல்ல மழை. இன்றைக்கே ஜிப்சம்: ஏக்கருக்கு 160 கிலோ, பத்து சென்ட்டுக்கு 16 கிலோ என்று பிரித்துக்கொண்டால் அளவு தப்பாது. செடியோரமாகத் தூவினால் போதும், கொத்த வேண்டாம். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது, வேர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அது குறைந்தால் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே பொக்கு.

அக்டோபர் 28, 102-ஆம் நாள்

வடகிழக்குப் பருவமழை நேரம். நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி நூறு காய் உடையுங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் இளசு, கறுத்திருந்தால் முற்றல். இன்று 78 காய் கறுப்பு. நாலு நாள் விட்டால் இன்னும் கொஞ்சம் முற்றும்தான். ஆனால் நம் கொத்து ரகங்களுக்கு (படராமல் நிற்கும் ரகங்கள்) பெரும்பாலும் விதை உறக்கம், அதாவது முற்றியபின் சில காலம் முளைக்காமல் கிடக்கும் குணம், இல்லை. மண் நனைந்தே கிடந்தால் காய் உள்ளேயே முளைத்துவிடும். இருக்கிற ஈரத்திலேயே இன்று பிடுங்கலாம் என்பதே என் தீர்மானம்.

அக்டோபர் 30

பிடுங்கிப் பரப்பிய செடிமேல் மழை. குவித்துத் தார்ப்பாய் மூடத் தோன்றும், மூடாதீர்கள். குவியல் புழுங்கினால் பச்சைப் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். வரப்பு மேட்டில் காய் மேலே பார்க்கும்படி செடியைத் திருப்பி வையுங்கள், காற்று ஓடட்டும். சேதம் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுக்குத் தகவல் சொல்லணும். அதற்கு முன் செல்போனில் போட்டோ எடுங்கள்.

நவம்பர் 6

வெயில் வந்துவிட்டது. குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடுகிறது; மூட்டை பிடிக்கலாம். பூசணம் கண்ட காயைத் தனியே பொறுக்கிப் புதைத்தாயிற்று. அது செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.