ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குட்டையை விட்டு விரட்டினோம்

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம், ஏரிக்குக் கீழே எங்கள் பண்ணைக்குட்டை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மழையில் எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. தண்ணீர் குட்டைக்குள் புகுந்து வடிந்தது. அதன்பின் கட்லா, ரோகு குஞ்சுகளை விட விடக் காணாமல் போயின. வலை வீசியதில் முழங்கை நீளக் கெளுத்தி ஒன்று அகப்பட்டது. எட்டு மீசை, சாம்பல் உடம்பெங்கும் கருந்திட்டுகள். வயிற்றைக் கிழித்தால் பாதி செரித்த ரோகு குஞ்சுகளும் ஒரு தவளைக் காலும்.

மீன்வளத்துறையிலிருந்து வந்து பார்த்தவர் ஆப்பிரிக்கக் கெளுத்திதான் என்றார். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்த மீன். கோழிக்கழிவைக் கொட்டினாலே கொழுக்கிறது என்று இன்னும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். அந்த லாபத்துக்கு ஊர் ஏரியின் விராலும் குரவையும் இரையாவதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பதற்கு முன்பே கரையைச் சுற்றி வலை கட்டி, அடிப்பகுதியை மண்ணில் புதைத்தோம். இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும். தரை ஈரமாக இருந்தால் துடுப்பு முள்ளை ஊன்றி நகர்ந்தே வெளியேறிவிடும். எஞ்சிய தண்ணீரில், மீனைக் கொல்லும் இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினோம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ என்பது கணக்கு. நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் முறிந்து, பிறகு அதுவே குளத்துக்கு உரமாகிவிடும். பெரும்பாலானவை மிதந்தன. ஆனால் சேற்றில் அங்கங்கே குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. மண்வெட்டியால் புரட்டினால், வழவழவென்று உயிரோடு நெளிந்தன.

வேலூர் வெயிலைத் திட்டாதவர் இல்லை. அந்தச் சித்திரையில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு தூவினோம்.

பிடித்தவற்றைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். "உயிரோடு இருப்பதையாவது ஏரியில் விடக்கூடாதா மாமா?" என்று மைத்துனன் கேட்டான். "அங்கே விட்டால் யார் பிடிப்பது? ஏரியை வற்றவைக்க முடியுமா?" என்றேன். பேசாமல் மண்ணைத் தள்ளினான்.

இப்போது தண்ணீர் வரும் குழாய் வாயில் இரட்டை நைலான் வலை கட்டியிருக்கிறோம்; கண்ணி கொசுவலை அளவு, இல்லையென்றால் பொடிக்குஞ்சு நுழைந்துவிடும். வெள்ளம் மறுபடி ஏறாமலிருக்க, கோடிக்கால்வாய்ப் பக்கத்துக் கரையை உயர்த்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்த பிறகுதான் குஞ்சு வாங்கப் போகிறேன்.